துட்டியா, ஏக்கமா? வாயில்லா ஜீவன்களின் துக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருந்தகங்களில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாங்குநேரி, களக்காடு, சேரன்மகாதேவி என்று திருநெல்வேலிச் சீமையிலேயே காலம் போய்விட்டது. ஊசி போட மாட்டைப் பிடித்து வருகிறவர்கள் நோயைப் பற்றிக் கேட்பது இரண்டு நிமிஷம். போகும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்று இழுப்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

ஆடு மாட்டுக்கெல்லாம் துக்கம் உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஏக்கம் உண்டு. துட்டி உண்டா என்றால் எனக்குச் சந்தேகம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சாவு நடந்த வீட்டுக்குப் போவதை எங்கள் பக்கம் 'துட்டி கேட்கப் போவது' என்போம். துட்டியில் ஒரு புரிதல் இருக்கிறது. ஆள் செத்துவிட்டார், இனி வரமாட்டார், நாமும் ஒரு நாள் போவோம் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஏக்கம் வேறு. அம்மா நாலு நாள் ஊருக்குப் போனால் கைக்குழந்தை பால் குடிக்காது, சிணுங்கும், மேல் சுடும். "பிள்ளை ஏங்கிப்போச்சு" என்கிறோம். அந்தப் பிள்ளைக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்தில் இருந்த சூடும் வாசமும் இல்லை என்பது மட்டும் அதன் உடம்புக்குத் தெரிகிறது.

மாட்டிடமும் நாயிடமும் நான் கண்ணால் பார்த்தது இந்த ஏக்கத்தைத்தான். 'துக்கம்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. ஒருவர் "மிருகத்துக்குச் சாவு புரியாது" என்பார். இன்னொருவர் "எங்க நாய் ஒரு வாரம் சாப்பிடலையே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

கன்று செத்துப்போய் மூன்று நாளாகப் பசு கத்திக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். கன்று குடிக்காமல், நாமும் சரியாகக் கறக்காமல் விட்டால் பால் கட்டிக் கல் மாதிரி ஆகிவிடும். அந்த நோவுக்கே மாடு கத்தும். சூடாக, வீங்கி, பால் திரிந்து வந்தால் அது மடிநோய், உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். "பாவம், கன்னுக்குட்டி நெனப்பு" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே மடிநோயைக் கவனிக்காமல் விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாசமான ஆட்கள்தான். ஆனால் காம்பு போய்விட்டது.

மடி நன்றாக இருந்தும் கத்துகிறது என்றால், தேடுகிறது என்று அர்த்தம். பொதுவாக இரண்டு மூன்று நாளில் குறையும். ஈன்ற சில மணி நேரத்திலேயே கன்றைப் பிரித்தால் பசு குறைவாகக் கத்துகிறது. பல நாள் சேர்ந்திருந்துவிட்டுப் பிரித்தால் அதிகமாகக் கத்துகிறது. வெளிநாட்டுப் பால்பண்ணைகளில் இதை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் அம்மாச்சி எண்ணாமலே சொல்லுவாள்: "நக்கிக் கொடுத்த கன்னுக்குத்தாம்ல இவ்வளவு சத்தம்."

கட்டும் இடத்தை மாற்றாதீர்கள். கூட நிற்கும் மாட்டைப் பிரிக்காதீர்கள். கறக்கிற ஆளும் நேரமும் மாறாமல் இருந்தால் சீக்கிரம் அடங்கும்.

தோல்கன்று வைப்பது பசுவை ஏமாற்றுவதா?

செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கும், பால் சுரக்கும். இப்போது அநேகமாக யாரும் செய்வதில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். படப்பில் உருவிய வைக்கோல், சாக்குத் தைக்கிற ஊசி, ஒரு பெரியவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

பால் மடியில் இருந்தால் மட்டும் போதாது, அது இறங்க வேண்டும். கன்றின் வாசமோ, முட்டலோ, பழகிய கையோ பட்டதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து ரத்தம் வழியாக மடிக்குப் போய்ப் பாலை இறக்குகிறது. தோல்கன்று அந்தக் கதவைத் தட்டும் தந்திரம்தான்.

பசு உண்மையிலேயே ஏமாந்ததா? அந்தப் பெரியவரிடமே கேட்டேன். "ஏமாந்தா காலு கையி ஆட்டலியேன்னு பதறாதா? பதறல. வாசம் போதும் அதுக்கு" என்றார். அவர் சொன்னதை இன்னும் யோசிக்கிறேன். செத்த தன் அப்பாவின் சட்டையை மோந்து பார்க்கிற மனுஷனும் ஏமாறுவதில்லை.

மாடு அழுததை நானே பார்த்தேன். கண்ணீர் தாரையாக ஓடியது. அது துக்கம் இல்லையா?

இருக்காது என்றுதான் சொல்வேன். மாட்டுக் கண்ணில் நீர் வடிவதற்கு ஈ, தூசி, கண்ணில் புழு, இறங்கும் குழாயில் அடைப்பு என்று நிறையக் காரணங்கள். யானைக்கோ, கண்ணீரை மூக்குக்குள் இறக்கும் குழாயே கிடையாது. நமக்கு உள்ளே போவது அதற்குக் கன்னத்தில் வழியும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஒழுகும் மதநீரையும் கண்ணீர் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

மாட்டு முகத்தில் ஏதாவது படிக்க வேண்டுமென்றால் வெள்ளை முழியைப் பாருங்கள். கன்றைக் கண்முன் பிரித்து எடுக்கும்போது பசுவின் கண்ணில் வெள்ளை அதிகமாகத் தெரிகிறது. நார்வேயில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். சந்தையில் லாரியில் ஏற்றும்போது ஒரு தரம் கவனியுங்கள். கண்ணீரைத் தேடுகிறவனுக்கு அது தெரியாது.

கொடையில் கிடா தலையைச் சிலிர்த்தால் சம்மதம் என்கிறார்களே. அதற்குத் தெரியுமா?

சுடலைமாடன் கோயில் கொடையில், அதாவது திருவிழாவில், வெட்டப்போகும் கிடா மேல் மஞ்சத்தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலிர்த்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் காத்திருப்பார்கள், மறுபடி தெளிப்பார்கள். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். இது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆடு வளர்த்தவர்கள்தானே!

ஆனாலும் காத்திருக்கிறார்கள். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஆட்டிடம் கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை, அதனால் அதன் பதிலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிடாயின் மனசைவிட நம் மனசுதான் இதில் அதிகம் தெரிகிறது.

இரண்டு நாய் வளர்த்தோம். ஒன்று போனதிலிருந்து மற்றது சரியாகச் சாப்பிடவில்லை. எத்தனை நாள் விடலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு நாள் குறைவாகச் சாப்பிட்டால் பொறுக்கலாம். இரண்டாம் நாளும் தட்டைத் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒரே முற்றத்தில் படுத்த நாய்களுக்கு ஒரே உண்ணிதான் கடித்திருக்கும். முதல் நாய் உண்ணிக் காய்ச்சலில் போயிருந்தால், இரண்டாவது நாய் படுத்துக் கிடப்பதை ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. ஈறு வெளிறி இருக்கிறதா என்று பாருங்கள். வாந்தி, ரத்தப்போக்கு, காய்ச்சல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடு மாட்டுக்கு என்றால் 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு மனசைப் பற்றிப் பேசலாம். கூட இருந்த நாய் இறந்த பிறகு மிஞ்சிய நாய் எப்படி இருந்தது என்று இத்தாலியில் 426 பேரிடம் கேட்டு 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 86 சதவீதம் பேர், நாயிடம் மாற்றம் தெரிந்தது என்றார்கள்: விளையாட்டுக் குறைந்தது, தூக்கம் கூடியது, சாப்பாடு குறைந்தது, நம்மையே சுற்றிச் சுற்றி வந்தது. எத்தனை வருஷம் சேர்ந்திருந்தன என்பதைவிட எவ்வளவு ஒட்டுதலாக இருந்தன என்பதே கணக்கில் வந்தது. இதில் ஒரு முடிச்சும் உண்டு. பதில் சொன்னவர்கள் எல்லாம் தாங்களே அழுதுகொண்டிருந்தவர்கள். வீட்டில் துக்கம் அதிகமாக இருந்த இடத்தில் நாயின் பயமும் சாப்பாட்டுக் குறைவும் அதிகமாகச் சொல்லப்பட்டது. நாய் நம்மைப் பார்த்து வாடியதா, அல்லது வாடின கண்ணால் நாம் நாயைப் பார்த்தோமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரம், நடக்கப் போகும் நேரம், படுக்கிற சாக்கு எதையும் மாற்றாதீர்கள். சாப்பிடவில்லை என்று கறியாக ஊட்டிப் பழக்கினால் அப்புறம் சோற்றை மோந்துகூடப் பார்க்காது, அது வேறு தொல்லை. மறுநாளே புதுக் குட்டி வாங்கி வராதீர்கள். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாட்டு நாய்கள் ஆளோடு ஒட்டிவிட்டால் புதுக் குட்டியை ஏறெடுத்தும் பார்க்காது, சில சமயம் கடித்தும் வைக்கும்.

செத்த நாயை மற்றதற்குக் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். தொற்றுநோய் இல்லையென்றால் காட்டுவதில் கெடுதல் இல்லை. மோந்து பார்க்கும், ஒதுங்கும். வெறிநாய்க்கடி, பார்வோ என்ற தொற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் கிட்டேயே விடக் கூடாது. ஆடு மாடு திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம், உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

பூனைக்கு?

பூனையும் தேடும். வீட்டுக்காரர்களே கவனிக்காத அளவுக்கு அமைதியாகத் தேடும்.

துட்டி வீட்டில் சங்கு ஊதும்போது எங்கள் நாய் ஊளையிடுகிறது. அதற்கு எமன் தெரிகிறானா?

அதே நாய் கோயில் சங்குக்கும் ஊளையிடும், ஆம்புலன்ஸ் சைரனுக்கும் ஊளையிடும். நீண்டு இழுக்கும் சத்தம் அதற்கு இன்னொரு நாய் கூப்பிடுவது போல. பதில் சொல்கிறது, அவ்வளவுதான். எமனை விடுங்கள்.

தப்புச் செய்த நாய் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பதும் இப்படித்தான். 2009-இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். பண்டத்தைத் திருடின நாய், திருடாத நாய் இரண்டும், திட்டு விழுந்தால் அதே 'குற்ற' முகத்தைக் காட்டின. திருடாமலே திட்டு வாங்கின நாய்தான் இன்னும் அதிகமாகக் காட்டியது. நம் குரலைத்தான் அது படிக்கிறது.

ஒரு காக்கா செத்தால் ஊர்க் காக்கா எல்லாம் கூடிக் கத்துகிறதே, அது துட்டி இல்லாமல் வேறென்ன?

பார்க்க அச்சு அசல் துட்டி வீடுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2015-இல் எழுதினார்கள். முகமூடி போட்ட ஆள் ஒருவர் செத்த காக்கையைக் கையில் பிடித்து நின்றார். காக்கைகள் கூடிக் கத்தின. அப்புறம் அதே முகமூடி வெறுங்கையோடு வந்தபோதும் கத்தின, ஆறு வாரம் வரைகூட மறக்கவில்லை. "இந்த இடம் ஆபத்து, இந்த ஆள் ஆபத்து" என்று கற்றுக்கொள்ளும் கூட்டம் அது. துட்டியைவிடப் பஞ்சாயத்துக்குத்தான் கிட்டத்தில் வருகிறது. ஆனால் செத்தது அதன் ஜோடியாக இருந்தால், அந்தக் கூட்டத்தில் ஒரு காக்கைக்கு மட்டும் வேறு மாதிரி இருக்குமா? இருக்கலாம். பஞ்சாயத்துக்கு வந்த எல்லோருக்கும் ஒரே மனசா இருக்கும்?

பாபநாசத்தில் ஒரு குரங்கு செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டே அலைந்தது. செத்தது அதற்குத் தெரியாதா?

நாட்டுக் குரங்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்கப் பல குரங்கினங்கள் இப்படிச் செய்கின்றன. தெரியாது என்றே முன்பெல்லாம் சொல்லிவந்தார்கள். ஆனால் உன்னிப்பாகப் பார்த்தால், உயிருள்ள குட்டியை வயிற்றோடு அணைக்கிற தாய், செத்ததைப் பல சமயம் ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. ஏதோ மாறிவிட்டது என்று அதற்குத் தெரிகிறது, விடவும் முடியவில்லை. தான்சானியாவின் கோம்பேயில் ஃப்ளோ என்ற வயதான சிம்பன்சி 1972-இல் இறந்தது. எட்டு வயது தாண்டிய மகன் ஃப்ளிண்ட் சாப்பாட்டைக் குறைத்து, ஒடுங்கி, சுமார் மூன்று வாரத்தில் இறந்துபோனது. சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் பதிவு செய்தது இது. என் அகராதியில் அது ஏக்கம்.

குறுந்தொகையின் 69-ஆம் பாட்டில் ஒரு மந்தி வருகிறது. கடுவன் (ஆண்குரங்கு) இறந்ததும் கைம்மையைத் தாங்காமல், மரமேறவும் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. தோழி இதைத் தலைவனிடம் சொல்கிறாள்: இப்படிப்பட்ட மலைநாட்டுக்காரனே, நள்ளிரவில் வராதே, உனக்கு ஏதாவது என்றால் நாங்கள் வருந்துவோம் என்று. பேச்சு மந்தியைப் பற்றியதே இல்லை. அவளால் நேரே சொல்ல முடியாததை மந்தி சொல்கிறது. மலையிலிருந்து குதித்த மந்தியை நான் பார்த்ததில்லை. தாயில்லாக் குட்டியை இன்னொரு பெண்குரங்கு தூக்கித் திரிவதைப் பார்த்திருக்கிறேன். புலவர் கவனிக்காமல் எழுதவில்லை. பாதியைக் காட்டிலிருந்தும் மீதியை மனுஷ வீட்டிலிருந்தும் எடுத்திருக்கிறார்.

யானைகள் சாவை அறியும் என்கிறார்களே?

மற்ற மிருகங்களில் 'ஏக்கம்' என்று நிறுத்திக்கொள்ளும் நான், யானையிடம் வந்தால் கொஞ்சம் தடுமாறுவேன். கென்யாவின் அம்போசெலியில் யானை மண்டையோடு, எருமை மண்டையோடு, காண்டாமிருக மண்டையோடு மூன்றையும் வைத்தார்கள். யானைகள் யானை மண்டையோட்டிடம்தான் அதிக நேரம் நின்று துதிக்கையால் தடவின. ஆனால் தன் குடும்பத்துத் தலைவியின் மண்டையோடு எது என்று தனியாக அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. வடக்கு வங்காளத்தில் யானைகள் செத்த குட்டிகளைத் தேயிலைத் தோட்டக் கால்வாய்களுக்கு இழுத்து வந்து மண் மூடிய ஐந்து சம்பவங்கள் 2024-இல் எழுதப்பட்டன. கால்கள் மேலே தெரிய, மண் மூடிய குட்டிகள். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உள்ளூரில் நடப்பதைப் பார்த்தால் யானையைவிட நம்மைப் பற்றித்தான் அதிகம் தெரிகிறது. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, பாகனையும் அவர் உறவினரையும் தாக்கியதில் இரண்டு பேரும் இறந்தார்கள். அடுத்த நாட்களில் யானை சோகமாக நிற்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை என்று செய்திகள் வந்தன. டீக்கடையில் "குத்த உணர்ச்சிடே" என்றார்கள். தினமும் பக்கத்தில் இருந்த ஆள் இல்லை, கூட்டம் இல்லை, புது ஆட்கள், பூட்டின இடம். ஒரு யானை சாப்பிடாமல் நிற்க இதுவே போதும். குற்ற உணர்ச்சி நம் தேவை. கொன்றது வருந்தினால்தான் நம்மால் மறுபடி அதன் முன் கும்பிட்டு நிற்க முடியும்.

2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற கேரளத்துக் காட்டு யானையைக் கம்பம் பக்கம் பிடித்து முண்டந்துறைக் காட்டில் கொண்டுவந்து விட்டபோது, கேரளத்தில் எத்தனை பேர் அழுதார்கள்! "சின்னக்கானலை நினைத்து ஏங்குகிறான்" என்று அவன் பழைய இடத்தைச் சொன்னார்கள். இங்கே மாஞ்சோலையில் கவலையே வேறு: கீழே இறங்கி வந்துவிடுவானோ என்று. ஒரே யானைதான். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தபோது டவுனில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுத் துட்டி, மாலை மரியாதையோடு.

மணப்பாட்டில் திமிங்கலங்கள் சேர்ந்து செத்தது, ஒன்றை விட்டு ஒன்று போக மனமில்லாமலா?

2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்தில் கொண்டுபோய் விட்டவற்றில் பல திரும்பிக் கரைக்கே வந்தன. அந்த இனம் கூட்டத்தை விடாதது. ஒன்று வழி தவறினால் மற்றதெல்லாம் பின்னால் போகும் என்பது ஒரு முக்கியமான விளக்கம். சரிவு குறைந்த கடற்கரையில் அவற்றின் ஒலி வழிகாட்டல் குழம்பிவிடும் என்பது இன்னொன்று. மனசாலா, பழக்கத்தாலா என்று பிரிக்கிற கோடு எங்கே ஓடுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 2018-இல் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஓர் ஓர்க்கா (கொலைத் திமிங்கலம்), பிறந்து உடனே செத்த குட்டியை 17 நாள், சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நீந்தியது. 2025 தொடக்கத்தில் இன்னொரு குட்டி செத்தபோதும் அதையே செய்தது.

விஞ்ஞானிகள் இதை ஒத்துக்கொள்கிறார்களா, இல்லையா?

டார்வின் 1872-லேயே மிருகங்களின் உணர்ச்சியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிவிட்டார். 1894-இல் லாய்ட் மோர்கன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், எளிய விளக்கம் போதுமென்றால் பெரிய மனசைக் கற்பிக்காதே என்று கடிவாளம் போட்டார். நல்ல கடிவாளம்தான், ரொம்ப இறுக்கிவிட்டார்கள். 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர்கள், உணர்வுக்கு வேண்டிய மூளை ஏற்பாடு பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்தில் கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சுக்கு மீன் ஊட்டி வளர்க்கிறவர்கள், தீபாவளிக்கு வெடி போடாதவர்கள், இந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை.

வயதான மாட்டை விற்றுவிட்டோம். அது எங்களை நினைக்குமா?

செம்மறி ஆடு 50 ஆட்டு முகங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று 2001-இல் இங்கிலாந்தில் காட்டினார்கள். மாடும் அடித்த கையையும் தடவின கையையும் பிரித்தறியும். அதனால் எங்கேயாவது உங்கள் குரலைக் கேட்டால் காதைத் திருப்பும். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களை நினைத்துக்கொண்டு நிற்குமா என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் அப்பா செவலைக்காளையை மேலப்பாளையம் சந்தையில் விற்றபோது நான் கூடப் போயிருந்தேன். விற்ற மாட்டோடு பழைய கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது வழக்கம், வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவருவார். அப்பா கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். காளை கத்தவில்லை. தொழுவில் அது நின்ற முளையில் வேறு மாட்டைக் கட்ட அப்பாவுக்கு இரண்டு மாதம் ஆனது. அந்தக் கயிறு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.